உட்காரக் கூடாத திண்ணை

தமிழ்நாட்டில் பொழுதுபோக்குப் பூங்காக்களை நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோட்டையூரில் குடியிருக்கிறேன். காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2025 காலாண்டு விடுமுறையில் என் கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவருடைய பூங்காவுக்கு வந்தேன். எந்தப் பூங்கா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் ஒருவர் மட்டும் சங்கடப்படுவார். மற்றவர்கள் நிம்மதியாகப் படித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

அந்தப் பூங்காவின் நுழைவாயிலைச் செட்டிநாட்டு வீட்டு முகப்புப் போலக் கட்டியிருந்தார்கள். கன்னங்கரேலென்று மெருகேற்றிய தூண்கள், மேலே கஜலட்சுமி, கீழே ஆத்தங்குடிக் கல் மாதிரி பூ அச்சடித்த தரை. வாசலின் இருபுறமும் திண்ணை. டிக்கெட் வரிசையில் இருபது நிமிடம் நின்று கால் நடுங்க ஆரம்பித்திருந்த எனக்கு, அந்தத் திண்ணையைக் கண்டதும் ஊருக்கே திரும்பிவிட்டது போல இருந்தது. பக்கத்தில் போனேன். சிவப்புக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ‘புகைப்படம் எடுக்க மட்டும். உட்காராதீர்கள்’ என்று பலகை வேறு.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்திலும் திண்ணை திறந்தேதான் கிடந்தது. வெயிலுக்கு ஒதுங்குகிறவரும் தலைச்சுமையை இறக்கி வைக்கிறவரும் யாரையும் கேட்காமல் உட்கார்வார்கள். உட்காரக் கூடாத திண்ணையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியதும் அங்கேதான். உள்ளே நடந்தவை பிறகு சேர்ந்துகொண்டன.

முதலில் என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2024 ஆடியில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து நான்கு நாளில் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல ஒரு மதமதப்பு. மறுநாள் பஸ் படியில் முழங்கால் மடிந்தது. மூன்றாம் நாள் புடவைக் கொசுவத்தைப் பிடிக்க விரல்கள் கூடவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கில்லன் பாரே என்றார் மருத்துவர். 1916-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் விவரித்த நோய் இது. அவர்களில் இருவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படை, ஆள் அடையாளம் தெரியாமல் நரம்புகள் மேலேயே பாய்ந்துவிடுகிறது. பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகளை எட்டிவிட்டால் வென்டிலேட்டர் வேண்டும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். அந்தப் பற்றுக்கு என் வளையல்கள் போயின.

போன வேகத்தில் வலு திரும்பி வருவதில்லை. நரம்பின் மேலுறை மட்டும் பழுதானால் சீக்கிரம் தேறலாம். உள்ளே ஓடும் இழையே பழுதானால் அது மறுபடி வளர வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளருமாம். கணக்கு எழுதுகிறவள் சும்மா இருப்பேனா? முதுகுத்தண்டிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் நாள். என் நரம்பு முழுவதும் அப்படி அறுந்துபோகவில்லை, அதனால் அது என் கணக்கு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த ஆயிரம் மனத்திலேயே தங்கிவிட்டது.

ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையை விட்டு எழுந்த பிறகு நடை பழகியது அந்த வீட்டின் உள்முற்றமான வளவில். வீட்டுக்கார ஆச்சி, தன் கணவர் கடைசிக் காலத்தில் பிடித்து நடந்த வாக்கரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தார். வளவின் ஓரத்தில் சிவப்புக் கரை போட்ட ஆத்தங்குடிக் கல் வரிசை ஓடுகிறது. அதன் மேலேயே நடக்க வேண்டும் என்பது பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த தம்பியின் உத்தரவு. முதல் நாள் இரண்டு கல். மூன்றாவது கல்லுக்குப் போகும் முன் கால் பின்னிக்கொண்டது. “அவசரம் எதுக்கு ஆத்தா, கல் எங்கேயும் ஓடிவிடாது” என்றார் ஆச்சி, தூணில் சாய்ந்தபடி. 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு இந்த நோய் வந்து செய்தித்தாள்களில் பெயர் அடிபட்டபோது, நான் ஒரு பக்கத்து வரிசை முழுவதையும் முடித்திருந்தேன். அதுவரை ‘வாதம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த தெரு, அன்றிலிருந்து நோயின் பெயரைத் தெளிவாக உச்சரித்தது.

இப்போது வாக்கர் இல்லை, ஊன்றுகோல் உண்டு. இடது பாதம் தொங்காமல் இருக்கக் காலணிக்குள் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் போடுகிறேன். சமதரையில் இருநூறு எட்டு நடப்பேன், பிறகு உட்கார வேண்டும். ஒரே இடத்தில் நிற்பது பன்னிரண்டு நிமிடம். நடப்பதைவிட நிற்பதுதான் கடினம் என்பது இந்த நோய் வராதவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். என் அப்பா ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வரவு, பற்று எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை எடுக்காமல் அன்றைய கடையை அடைக்க மாட்டார். நானும் இப்போது தினமும் ஐந்தொகை எடுக்கிறேன். காலையில் எழுந்ததும் உடம்பில் கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். குளியலுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, கடை மாடிப்படிக்கு இவ்வளவு. கையிருப்பை மீறிச் செலவழித்தால் மறுநாள் படுக்கை. இதில் கடன் வாங்க வழியில்லை.

“முழுதும் தேறிய பிறகு போகக் கூடாதா, பூங்காவுக்கு என்ன அவசரம்?” என்று உறவில் பலர் கேட்டார்கள். நீங்களும் கேட்கலாம். மருத்துவமனையில் படுத்திருந்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. எழுந்து நடந்ததும் தண்ணீர் விளையாட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆயிரம் நாள் கழித்துப் போனால் அவளுக்குப் பன்னிரண்டு. அந்த வயதில் அம்மாவுடன் வர அவளுக்கு விருப்பம் இருக்குமோ என்னவோ. உங்கள் ராட்டின வாசலில் குழந்தையின் உயரம் பார்க்கக் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அவள் அந்தக் கோட்டைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருக்கிறாள்.

வருவதற்கு முன் தொலைபேசியில் விசாரித்தேன். சக்கர நாற்காலி உண்டா? “உண்டு, மேடம்.” எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? “எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான், மேடம்.” உட்கார இடம்? “நிறைய இருக்கிறது.” மூன்று பதிலும் பொய் இல்லை. மூன்றிலும் ஓர் எண் கூட இல்லை, அவ்வளவுதான். பக்கத்தில் என்பது இருபது வயதுக்காரருக்கு ஒரு தூரம், எனக்கு ஒரு தூரம். கடையில் ‘கொஞ்சம் சாமான் போயிருக்கிறது’ என்று யாராவது சீட்டுக் கொடுத்தால் நான் பதிவேனா?

வாசலில் பையைச் சோதித்தவர், நான் கொண்டுவந்திருந்த மடக்கு முக்காலியை எடுத்து வைத்துக்கொண்டார். வெளிப்பொருளுக்கு அனுமதி இல்லையாம். முறுக்கு டப்பாவும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. முறுக்கை விட்டுக்கொடுத்தேன், அதில் உங்கள் உணவகத்துக்கு லாபம் இருக்கிறது, புரிகிறது. முக்காலியைப் பறிப்பதில் யாருக்கு என்ன லாபம்? உள்ளே நீங்கள் முக்காலி விற்கவில்லையே.

சக்கர நாற்காலி இரண்டு இருந்தன. ஒன்றுக்குக் காற்று இல்லை. மற்றதைக் கேட்டேன். மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறதா என்றார்கள். இல்லை. சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைத்தான் கணக்கில் எடுக்கிறது. அரசின் பெரும்பாலான சலுகைகளுக்கு நாற்பது சதவீதக் குறைபாடாவது இருக்க வேண்டும். மாறக்கூடிய குறைபாட்டுக்குக் காலவரையறையோடு சான்றிதழ் தருவதும் உண்டு. நான் விண்ணப்பிக்கவில்லை. தேறிவிடுவேன் என்று நம்புகிறவள் அந்த வரிசையில் போய் நிற்கத் தயங்குவாள், அதுதான் காரணம். ஆனால் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார அரசாங்க அட்டை எதற்கு? மருத்துவச் சீட்டைக் காட்டிய பிறகு கொடுத்தார்கள். கொடுத்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, “நன்றாகத்தானே நடக்கிறீர்கள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வியந்தார்.

இதைச் சற்று நின்று பேச வேண்டும். தேறிவரும் நோயாளி உங்கள் ஊழியர்களுக்கு ஒரு புதிர். நாற்காலியில் வந்து இறங்குவோம், பத்து எட்டு நடந்து படம் எடுத்துக்கொள்வோம், மறுபடி நாற்காலியில் உட்கார்வோம். பார்க்கிறவருக்கு நடிப்பு மாதிரித் தெரியும். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், காதில் விழும்படியே, “வரிசையைத் தாண்ட நல்ல வழி” என்றார். நான் எந்த வரிசையையும் தாண்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாரையும் போல நாற்பது நிமிடம் காத்திருந்தேன். முழுதாக நடக்கிறவர், முழுதாக நடக்க முடியாதவர் என்று இரண்டே தலைப்பில் பேரேடு போட்டால் எங்களை எங்கே எழுதுவீர்கள்? இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் ஆனவரும், சிக்குன்குனியா வந்து மூட்டு வீங்கியவரும், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு முடி உதிர்ந்து நிற்பவரும் இந்த இடைப்பட்ட பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் சிறியது என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டிப் பாருங்கள்.

ராட்டினங்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ரோலர் கோஸ்டர் வாசலில், இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. என்னையும் நிறுத்தினார்கள். சரிதான். குலுங்கும்போது பிடியைக் கையால் இறுக்க வேண்டும், காலை ஊன்ற வேண்டும், நடுவானில் நின்றுபோனால் ஏணியில் இறங்க வேண்டும். எனக்கு மூன்றும் முடியாது. ஆனால் அதைச் சொல்லும் பலகை எங்கே இருந்தது தெரியுமா? முப்பத்தெட்டுப் படி ஏறிய பிறகு, மேல் தளத்தில். படியின் கீழே அதே பலகையை வைத்திருந்தால் அன்றைய கையிருப்பில் கால்வாசி மிச்சமாகியிருக்கும்.

எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது தண்ணீர். மார்பளவு நீரில் நின்றால் உடம்பின் எடையில் பெரும்பங்கை நீரே தாங்கிவிடும். அதனால்தான் நரம்பு, மூட்டு நோயாளிகளுக்கு நீரில் பயிற்சி கொடுக்கிறார்கள். காரைக்குடியில் பழைய ஊருணிகள் இருக்கின்றன, ஆனால் வழுக்கும் படியில் என்னை இறக்கிவிட யார் துணிவார்கள்? செயற்கையாக அலை கிளப்பும் உங்கள் அலைக்குளம் அப்படி இல்லை. கடற்கரை போலச் சரிந்துகொண்டே போகும் தரை; படியே இல்லை. உங்கள் பூங்காவில் எனக்கென்றே கட்டியது போன்ற இடம் அதுதான். அங்கே போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. உடை மாற்றும் அறையில் காலணியைக் கழற்றினால் ஸ்பிளிண்டும் கழன்றுவிடும். அங்கிருந்து குளம் வரை அறுபத்திரண்டு எட்டு, ஈரத் தரை, பிடிமானம் கிடையாது. தொங்கும் பாதத்தின் நுனி ஒவ்வோர் எட்டுக்கும் தரையில் இடறும். நாற்காலியைக் குளத்தருகே கொண்டுபோகக் கூடாதாம், துருப்பிடிக்குமாம்.

அப்போது இரண்டு பையன்கள் ஓடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள். “தூக்கிவிடுகிறோம், அக்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் இருபுறமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். தோள் தசை வலுவிழந்தவரை அப்படித் தூக்கினால் மூட்டே விலகலாம். வலித்தது. நான் கத்தியதில் அவர்களும் பயந்து, நானும் பயந்து, என் மகள் அழுதே விட்டாள். அவர்கள் மேல் தவறில்லை. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். “உங்களை எப்படிப் பிடிக்க வேண்டும்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். “நீங்கள் பிடிக்க வேண்டாம், கையை மடக்கி நீட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றிருப்பேன். பிறகு அப்படித்தான் நடந்தோம். மெதுவாக, அறுபத்திரண்டு எட்டும்.

தண்ணீரில் இறங்கிய பிறகு நடந்ததை எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவள். இடுப்பளவில் கால் லேசாயிற்று. மார்பளவில் ஊன்றுகோல் இல்லாமல், யாரையும் பிடிக்காமல், பதினான்கு மாதத்துக்குப் பிறகு நின்றேன். மகள் எதிரே நின்று தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தாள். நானும் அடித்தேன். என் இடது கை அவ்வளவு வேகமாக வீசும் என்று எனக்கே தெரியாது. சங்கு ஊதி அலையைக் கிளப்பும் முன் கரையோரமாக ஒதுங்கிக்கொண்டேன். பதினெட்டு நிமிடம். அதற்காக இன்னொரு முறையும் டிக்கெட் வாங்குவேன்.

இப்போது கொஞ்சம் சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதற்குள் மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்தாண்டு கொடுத்தார்கள். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும் என்பது பொறியாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உங்கள் உணவகத்துச் சாய்தளம் அந்தக் கணக்கில்தான் இருந்தது, பாராட்டுகிறேன். அது போய் முடிகிற இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு படி இருந்தது.

பெரிய கனவெல்லாம் எனக்கு இல்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்று ஒரு பூங்கா 2010-ல் திறந்தார்கள். சக்கர நாற்காலியோடு ஏறும் ராட்டினமும் ஊஞ்சலும் இருக்கின்றன, மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே 2017-ல் வந்த தண்ணீர்ப் பூங்காவில், காற்றழுத்தத்தால் ஓடும், நனைந்தாலும் கெடாத நாற்காலிகள். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மெரினாவில் 2022-ல் கடலருகே வரை போக மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி சரிசெய்தார்கள். கடலோடு போராடி அதைச் செய்ய முடிகிறபோது, கட்டிய குளத்துக்கு அறுபத்திரண்டு எட்டுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடுவது பெரிய காரியம் அல்ல.

எங்கள் ஊர் வீடுகளைப் பற்றிப் பெருமை பேசவும் வரவில்லை. தெருவிலிருந்து ஏறும் உயரப் படிகள், ஒவ்வொரு கட்டுக்கும் முழங்கால் தடுக்கும் நிலைப்படி. கட்டியவர்கள் நோயாளியை நினைத்துக் கட்டவில்லை. ஆனால் ஏறி வந்தவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதை நினைத்திருக்கிறார்கள். படி முடிந்தால் திண்ணை, அதைத் தாண்டினால் பட்டாலை என்ற கூடம், உள்ளே போனால் வளவைச் சுற்றிலும் மேடை. எத்தனை வருத்தம் கொடுக்குமோ அத்தனை இடத்தில் உட்காரவும் வைக்கும் வீடு அது. நீங்கள் அதன் தூணைப் பார்த்துத் தூண் செய்தீர்கள், பூவைப் பார்த்துப் பூப் போட்டீர்கள்.

நான் கேட்பது எண்களை. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை மீட்டர், எத்தனை படி, கைப்பிடி வலப்புறமா இடப்புறமா, நிழலில் எத்தனை பேர் உட்காரலாம், வரிசை எவ்வளவு நேரம் என்று டிக்கெட் வாங்கும் முன் எனக்குத் தெரிய வேண்டும். போகலாமா வேண்டாமா என்பதை நான் முடிவுசெய்துகொள்கிறேன். முடியாது என்றால் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன். வரிசை வளைந்து திரும்பும் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிமெண்டு மேடை கட்டுங்கள். கர்ப்பிணியும் கிழவரும் கைக்குழந்தைக்காரியும் உங்களை வாழ்த்துவார்கள். நடுப்பகலில் வெளியே போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, அதே டிக்கெட்டில் திரும்பி வர விடுங்கள். வெயில் ஏறினால் என் போன்றவர்களின் கால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

அளந்து பார்க்க ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். அந்த வேலையை என் மகள் முடித்துவிட்டாள். அன்று முழுவதும் எனக்கு முன்னால் ஓடிப்போய் எண்ணிக்கொண்டு வந்து, டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைத்தாள். நான் எங்கே போவது, எதை விடுவது என்று தீர்மானித்தது அதை வைத்துத்தான். அந்த டிக்கெட்டின் நகல் ஒன்றைப் பூங்கா மேலாளருக்குத் தனியே தபாலில் அனுப்பியிருக்கிறேன். எட்டுகள் அவளுடையவை, பெரியவர் கணக்கில் சற்றுக் குறையும்.

கார் நிறுத்துமிடம் – வாசல்: 340. வாசல் – சாப்பாட்டுக்கடை: 415, படி 1 (பொய்ப் படி). உடை மாற்றுமிடம் – அலைக்குளம்: 62, வழுக்கும். பெரிய ராட்டினம்: படி 38, அம்மா வேண்டாம்.

கடைசி வரியை அவள் அடிக்கோடிட்டிருக்கிறாள். வாசல் திண்ணை: ஆறு பேர் உட்காரலாம், கயிற்றை அவிழ்த்தால்.

இப்படிக்கு,
கோட்டையூரிலிருந்து ஒரு கணக்கு எழுதுபவள்